பின்சீட்டுக்கு எடுத்த அச்சு

கல்யாணமான புதிதில் பெயிண்டுக்காரர் மோட்டார் சைக்கிளின் பின்சீட்டில் உட்கார்ந்து போவதைப் பார்த்தவர்கள், அந்த மனிதரை யாரோ கடத்திக்கொண்டு போகிறார்கள் என்றுதான் நினைத்திருப்பார்கள். முன்னால் அவர் மனைவி பல்லுக்காரி நிமிர்ந்த முதுகோடு வண்டியை விரட்டுவாள். பின்னால் இவர் வாயைத் திறக்காமல், இரண்டு பக்கக் கம்பியையும் இறுகப் பிடித்துக்கொண்டு, இடப்பக்கம் கொஞ்ச நேரம், வலப்பக்கம் கொஞ்ச நேரம் என்று பாரத்தை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு வருவார். ஊர் எல்லை தாண்டுவதற்குள் முகம் சுண்டிவிடும். இறங்கும்போது ஒரு காலை ஊன்றிவிட்டு, இன்னொரு காலை எங்கே விட்டோம் என்று தேடுவார்.

ஆள் ஒல்லி. சாதாரண ஒல்லி இல்லை. அவர் மரப் பெஞ்சில் உட்கார்ந்தால் பெஞ்சுக்குத்தான் வலிக்கும் என்று பல்லுக்காரியின் அக்கா சொல்வாள். அக்கா கீழ்வீட்டில் இருந்தாள். இவர்கள் குடியிருந்த மாடியில் என்ன நடந்தாலும் கதவைத் தட்டாமல் உள்ளே வருவது தன் பிறப்புரிமை என்பது அவள் எண்ணம்.

பல்லுக்காரி என்பது தெரு வைத்த பெயர். அவள் பல் செட் செய்யும் ஒரு சின்ன லேபில் வேலை பார்த்தாள். டாக்டர்கள் நோயாளியின் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். இவள் அதைப் பார்த்து, ஈறோடு ஒட்டிப் பிடிக்கிற மாதிரி செட் செய்து கொடுப்பாள். பெயிண்டுக்காரர் கடைத்தெருவில் ஒரு பெயிண்டுக் கடையில் நிறம் கலக்குகிறவர். ஒரு துணித் துண்டைக் கொண்டுபோய் நீட்டி இதே நிறத்தில் சுவர் வேண்டும் என்றால், கண்ணை இடுக்கிப் பார்த்துவிட்டு அதே நிறத்தைக் கலந்து கையில் கொடுத்துவிடுவார்.

இரண்டு பேருக்கும் நாற்பது தாண்டிய பிறகு நடந்த கல்யாணம். அதுவரை பல்லுக்காரியைப் பெண் பார்க்க வந்த அத்தனை பேரும் வாசலில் நின்ற வண்டியைப் பார்த்துவிட்டு, "இதை வித்துடுவீங்கல்ல?" என்று கேட்டார்கள். அவள் வண்டியை வைத்துக்கொண்டு அவர்களை அனுப்பிவிட்டாள். இவர் ஒருத்தர்தான் வண்டியைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "பின்னாடி பிடிச்சுக்கக் கம்பி இருக்கா?" என்று கேட்டவர். அன்றைக்கே அவள் சரி சொல்லிவிட்டாள்.

ஆகவே, கல்யாணம் முடிந்த கையோடு அவள் கட்டிவைத்த மனக்கோட்டை என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. மலைப்பாதையில் ஏறி, அந்தப் பக்கம் இறங்கி, சாலை முடிகிற இடத்தில் இருக்கும் கடல் வரை இரண்டு பேருமாகப் போவது. அந்த வழியில் அவள் தனியாகப் பலமுறை போயிருக்கிறாள். தனியாகப் போய்த் தனியாகத் திரும்புவது அலுத்துவிட்டது. ஒரு நல்ல வளைவில் திரும்பும்போது பின்னால் ஒருத்தர் இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. லேபில் லீவும் சொல்லி வைத்துவிட்டாள்.

இவர் அதற்கு, "நீங்க போயிட்டு வாங்க. நான் வீட்டைப் பாத்துக்கறேன். திரும்பி வந்து எனக்கு விவரமாச் சொல்லுங்க, கேக்கறேன்," என்றார்.

கோபமாகச் சொல்லியிருந்தால் ஒரு சண்டை போட்டுத் தீர்த்திருக்கலாம். அன்பாகச் சொல்லித் தொலைத்தார். இப்படியே அன்பாகப் பேசிப் பேசி இவர் வீட்டிலும் அவள் சாலையிலுமாகவே காலம் ஓடிவிடும் என்று அவளுக்குப் பயம் வந்துவிட்டது. எப்பாடு பட்டாவது இந்த மனிதரை அந்தப் பின்சீட்டில் வலியில்லாமல் உட்காரவைப்பது என்று கங்கணம் கட்டிக்கொண்டாள்.

முதலில் ஊரில் எல்லாரும் செய்கிற வைத்தியம். தலையணையை மடித்துக் கட்டிப் பார்த்தாள். அது பிரேக் போட்டதும் அவரையும் ஏற்றிக்கொண்டு முன்னால் வந்து அவள் முதுகில் இடித்தது. ஜெல் அடைத்த மெத்தை ஒன்று வாங்கினாள். வெயிலில் அது சூடேறியதில், சிக்னலில் நின்றபோதெல்லாம் அவர் எழுந்து நின்றுகொண்டார், பக்கத்து வண்டிக்காரர்கள் ஏதோ மரியாதை என்று நினைத்தார்கள். பிறகு காற்றடைத்த குஷன். கடைத்தெரு முக்கில் அதன் மூடி கழன்று, வழி நெடுக நீளமாக ஒரு சத்தம் வந்தது. நடந்து போனவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "நான் இல்லீங்க, குஷன்," என்று அவர் ஒவ்வொருவரிடமும் பணிவாகச் சொல்லிக்கொண்டே வந்தார்.

லேபில் ஒரு தாத்தாவின் செட்டை ராவிக்கொண்டிருந்தபோதுதான் பல்லுக்காரிக்கு அந்த யோசனை உதித்தது. செட் ஈறில் குத்துகிறது என்றால் அதன் மேல் பஞ்சையா வைத்துக் கட்டுகிறோம்? அச்செடுக்கிறோம். எந்த இடம் மேடு, எந்த இடம் பள்ளம் என்று பார்த்து அதற்கேற்ற மாதிரி செய்கிறோம். வாய்க்கு ஒரு நியாயம், மற்றதற்கு ஒரு நியாயமா? அவளுக்குக் கை பரபரத்தது. சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது, தேதி முடிந்துபோய் ஒதுக்கிவைத்திருந்த அச்சுப் பொடி டப்பாக்களை முதலாளியிடம் கேட்டு ஒரு பை நிறைய வாங்கிவந்தாள்.

பெயிண்டுக்காரர் விஷயத்தைக் கேட்டுவிட்டு எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினார். "வெளிய யாருக்கும் தெரியாதுல்ல?" என்றார்.

"உங்களுக்கும் எனக்கும் மட்டும்தான்."

"அப்ப சரி."

பெயிண்டு குழைக்கிற அகலத் தொட்டியை அவரே கொண்டுவந்தார். பொடியையும் தண்ணீரையும் கட்டியில்லாமல் கலக்கியதும் அவர்தான், டிரில்லில் துடுப்பை மாட்டி, கண்ணும் கருத்துமாக. பொடியின் புதினா வாசனை வீடெல்லாம் கமழ்ந்தது. "இந்த இளஞ்சிவப்பு ரொம்ப அழகான சிவப்புங்க. கடையில இப்படி வராது," என்று ரசித்தார். ஒரு முக்காலி மேல் தொட்டியை வைத்து, பழைய அரைக்கால் டிரவுசரோடு அவரை மெதுவாக உட்காரவைத்தாள். குளிர்ச்சி ஏறியதும் அவர் புருவம் இரண்டும் நெற்றிக்குப் போய்விட்டன.

"அசையாதீங்க. மூக்கால மூச்சு விடுங்க," என்றாள் பல்லுக்காரி. டாக்டர்கள் நோயாளிக்குச் சொல்லுவது அது. வாய்ப்பழக்கம் வந்துவிட்டது. அவரும் வாயை இறுக மூடிக்கொண்டு, மூக்கால் ஆழமாக மூச்சு விட்டபடி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

அப்போது அக்கா உள்ளே வந்தாள்.

தங்கை தரையில் மண்டியிட்டுத் தொட்டியின் ஓரத்தைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை தொட்டிக்குள் உட்கார்ந்து கண்கலங்க மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். அக்கா கையிலிருந்த பாத்திரத்தை மேசைமேல் வைத்தாள்.

"மாப்பிள்ளைக்கு மூலமா?"

"இல்லக்கா, அச்சு," என்றார் அவர், பல்லைக் கடித்தபடி.

"போதும், எந்திரிங்க," என்றாள் பல்லுக்காரி.

அவர் எழுந்தார். தொட்டியும் எழுந்தது. நல்ல பல் செட் ஈறை எப்படிக் கவ்விப் பிடிக்குமோ அப்படிப் பிடித்திருந்தது. அவர் நடு அறையில் தொட்டியோடு குனிந்து நின்றார். "ஓரத்துல காத்து போகணும், காத்து போனா விட்டுடும்," என்று பல்லுக்காரி விரலை நுழைக்கப் பார்த்தாள். அக்கா ஒரு பக்கம் பிடித்து இழுத்தாள். கடைசியில் டமாரென்று ஒரு ஓசையுடன் தொட்டி கழன்று வந்தது. அக்கா தொட்டியை அணைத்தபடி சோபாவில் போய் விழுந்தாள். சிரித்துச் சிரித்து மூன்று பேருக்கும் வயிறு புண்ணாகிவிட்டது.

சிரிப்பு ஓய்வதற்குள் பல்லுக்காரி வேலையில் இறங்கிவிட்டாள். அந்தப் பொடியில் எடுக்கிற அச்சு ரொம்ப நேரம் தாங்காது, காய்ந்தால் சுருங்கிவிடும். உடனே அதற்குள் பிளாஸ்டரைக் கரைத்து ஊற்ற வேண்டும். ஊற்றினாள். பிளாஸ்டர் இறுகியதும், ரப்பர்போல் ஆகியிருந்த இளஞ்சிவப்பு அச்சை உரித்துக் குப்பையில் போட்டாள். லேபில் நாள்தோறும் செய்வது இதைத்தான். வெள்ளை வெளேரென்று உள்ளிருந்து வந்த மாடலை உப்புத்தாளால் தேய்த்து, ஓரமெல்லாம் சீர்செய்து, தள்ளி நின்று பார்த்துப் பூரித்துப்போனாள். அவர் ஒல்லிக்கு அவர் எலும்பு ஒவ்வொன்றும் தெரிந்தது. அவர் எட்டிப் பார்ப்பதற்குள் அக்கா அதன்மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினாள்.

மறுநாள் அந்த மாடலைக் காகிதத்தில் சுற்றிக் குஷன் அண்ணனிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். பாலத்துக்கு அந்தப் பக்கம், ஊரை விட்டு வெளியே போகிற சாலையில், அவர் கடை. கார், பஸ், மோட்டார் சைக்கிள் எதற்கானாலும் ஸ்பாஞ்சு வெட்டி ரெக்ஸின் தைத்துத் தருவார். அவளுடைய வண்டியில் ஓட்டுகிறவர் சீட்டும் பின்சீட்டும் தனித்தனி. பின்சீட்டை மட்டும் கழற்றி மாடலோடு வைத்தாள்.

"அண்ணே, அச்சு அசல் இதேதான். ஒரு மயிரிழை மாறக் கூடாது."

குஷன் அண்ணன் காகிதத்தை விலக்கிப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மறுபடியும் மாடலைப் பார்த்தார். "நீ சொன்னா சரிதாம்மா," என்றார். தலைமுறைக்கு ஒரு முறைதான் இப்படி ஒரு வேலை வரும் என்பதுபோல் அதை இரண்டு கையாலும் தூக்கி உள்ளே கொண்டுபோனார்.

சீட் தயாரானபோது அண்ணன் கடையில் இல்லை. அவர் மனைவி கோணியில் சுற்றிச் சணல் போட்டு இறுக்கிக் கட்டியதை எடுத்துக் கொடுத்தார். கொடுக்கும்போது முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டதைப் பல்லுக்காரி பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வீட்டில் அவர் முன்னால் பிரிக்க வேண்டும் என்ற ஆசையில் அப்படியே கட்டி எடுத்துவந்தாள்.

வாசலில் வண்டிக்குப் பக்கத்தில் வைத்துப் பிரித்தாள். பெயிண்டுக்காரர், அக்கா, இரண்டு பேரும் குனிந்து பார்த்தார்கள்.

கருப்பு ரெக்ஸினில், பளபளவென்று, பெயிண்டுக்காரரின் பின்புறம் மேலே பார்த்துக்கொண்டிருந்தது. பள்ளம் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு மேடு. நடுவில் சிவப்பு நூலால் ரெட்டைத் தையல்.

பெயிண்டுக்காரர் சீட்டை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார்.

"நல்லா இருக்கு," என்றார்.

"என்ன நல்லா இருக்கு?"

"இல்ல, நான் இதுவரைக்கும் பாத்ததில்லையே."

சிரிப்புத் தாங்காமல் அக்கா படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

பல்லுக்காரி போனைப் போட்டாள். "அண்ணே, என்னண்ணே இது?"

"பிடிச்சிருக்கா? மயிரிழை மாறலம்மா. நடுத் தையல் மட்டும் என் சந்தோஷத்துக்குப் போட்டது. புருஷன் மேல எம்புட்டுப் பாசம்னு நாங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டோம்."

அவள் அவரைத் திட்ட வாயெடுத்தாள். அதற்குள் உறைத்துவிட்டது. தப்பு முழுக்க அவளுடையது. பல் செட் உலகத்தில் மாடலைக் கொடுத்தால் அதன் மேல் பொருந்துவதைத்தான் செய்வார்கள், யாரும் இன்னொரு ஈறைச் செய்துவைக்க மாட்டார்கள். அந்த உலகத்திலேயே இருந்து இருந்து, வெளியே இருக்கிறவர்களுக்கு அதைச் சொல்ல வேண்டும் என்பதே அவளுக்குத் தோன்றவில்லை. சீட்டுக்கு வேண்டியது உரித்துக் குப்பையில் போட்ட அந்த அச்சின் பள்ளம்தான். போனை வைத்துவிட்டு அவளும் ஒரு மூச்சு சிரித்தாள். சிரித்து முடித்ததும் அழுகை முட்டியது. லீவு நெருங்கிவிட்டது.

அவர் அதைப் பார்த்துவிட்டார். "பரவாயில்லைங்க. இந்தத் தடவை நீங்க போயிட்டு..."

"அதைச் சொல்லாதீங்க," என்றாள். "இப்பவே போறோம். அவர் உங்களை உக்காரவச்சு நேர்லயே அளவெடுக்கட்டும். கிளம்புங்க."

"இதுல உக்காந்தா?"

"வேற சீட்டு எங்க இருக்கு? பழைய சீட்டை வெட்டித்தான் இதைச் செஞ்சிருக்கார்."

அவர் மறுபேச்சுப் பேசாமல் ஏறினார். ஏறியவர் மேலே போய்க்கொண்டே இருந்தார். மேட்டின் மேல் எலும்பு வழுக்கி, நடுத் தையலில் ஒரு முறை இறங்கி, மறுபடி ஏறி, ஒருவழியாக நிலைகொண்டபோது அவர் பழைய உயரத்துக்கு ஒரு முழு சாண் மேலே இருந்தார். அக்கா மேலே நிமிர்ந்து பார்த்து, "மாப்பிள்ளை, ஒயர்ல தலை படாமப் பாத்துக்கங்க," என்றாள்.

வண்டி புறப்பட்டது. பல்லுக்காரிக்கு மனசே சரியில்லை. பின்னால் ஒவ்வொரு குழிக்கும் அவர் என்ன பாடு படுகிறாரோ என்று பார்த்துப் பார்த்து ஓட்டினாள். கடைத்தெரு தாண்டியது. பாலத்தில் ஏறியபோது காதுக்குப் பக்கத்தில் குரல் கேட்டது.

"ஆத்துல தண்ணி இருக்கு."

"ம்?"

"இந்தப் பாலத்துல எத்தனை தடவை போயிருக்கோம். கீழ தண்ணி இருக்கறது இன்னைக்குத்தான் தெரியுது. அந்தப் படகைப் பாருங்க, என்ன நீலம் அது. நான் கலக்கினா வராது."

அவள் கண்ணாடியில் பார்த்தாள். அவள் தலைக்கு மேலே அவர் தலை முழுசாகத் தெரிந்தது. வாய் கொஞ்சம் திறந்திருந்தது. கம்பியை விட்டுவிட்டு ஒரு கையால் அவள் தோளைப் பிடித்திருந்தார். மற்றக் கை எதையோ காட்டிக்கொண்டிருந்தது.

"இத்தனை நாளா எதைப் பாத்துக்கிட்டு வந்தீங்க?" என்று கேட்டாள்.

"உங்க ஹெல்மெட்டை. பின்பக்கம் ஒரு கீறல் இருக்கு, அதுக்குக் கீழ ஒரு ஸ்டிக்கர் பாதி கிழிஞ்சிருக்கு. எனக்கு மனப்பாடம். சாம்பல் சுவத்துல மூக்கை ஒட்டிக்கிட்டு ஊர் ஊராப் போன மாதிரி இருக்கும்."

"சொல்லியிருக்கக் கூடாதா?"

"பின்னாடி வலிக்குதான்னுதான் கேட்டீங்க. முன்னாடி தெரியுதான்னு கேக்கலையே."

அவளுக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. இரண்டு கையும் ஹேண்டில்பாரில் இருந்ததால் பிழைத்தாள். அதற்குப் பிறகு அவர் வாய் மூடவில்லை. ஒரு லாரியைக் காட்டினார். மொட்டைமாடியில் தலை காயவைத்துக்கொண்டிருந்த பெண்ணைக் காட்டினார். தூரத்தில் மலை தெரிவதைக் கண்டுபிடித்து, அது காலகாலமாக அங்கேதான் இருக்கிறது என்று அவள் சொன்னதை நம்ப மறுத்தார். ஊமை என்று நினைத்துக் கட்டிக்கொண்டவர் வானொலியாக மாறிவிட்டார் என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது.

குஷன் அண்ணன் கடை வந்தது. அவர் வாசலிலேயே நின்றிருந்தார். தன் கைவேலைமேல் ஒரு மனிதர் அத்தனை உயரத்தில் பவனி வருவதைப் பார்த்ததும் முகம் மலர்ந்து கையைத் தூக்கினார். பல்லுக்காரி வேகத்தைக் குறைத்து இண்டிகேட்டர் போட்டாள்.

"கடை வந்துடுச்சு."

"பாத்தேன்."

"நிறுத்தணும்ல."

"எதுக்கு? நேரா போ."

அவள் காதில் விழுந்ததை ஒரு முறை சரிபார்த்துக்கொண்டாள். "வலிக்கலையா?"

"வலிக்குது. உயிர் போகுது. நீ போ."

அவள் இண்டிகேட்டரை அணைத்தாள். தூக்கிய கையோடு குஷன் அண்ணன் பின்னால் சிறுத்துக்கொண்டே போனார். இறங்க மனமில்லாத அளவுக்குச் சுகமான சீட் ஒன்றைத் தான் செய்து கொடுத்ததாக அவர் இனிமேல் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லுவார், அதை யாராலும் தடுக்க முடியாது.

கடைக்கு அப்புறம் வீடுகள் குறைந்தன. மாற்றுத் துணி கிடையாது. லீவு இன்னும் தொடங்கவில்லை. அக்கா கீழே சோற்றை வைத்துக்கொண்டு காத்திருப்பாள். பல்லுக்காரிக்கு இதெல்லாம் வரிசையாக நினைவு வந்தது, வந்த வேகத்திலேயே காற்றில் போயிற்று. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சாலையில் முதல் வளைவு வந்தது. பின்னால் அவரும் அவளோடு சேர்ந்து சாய்ந்தார்.

"பெட்ரோல் எவ்வளவு இருக்கு?" என்று கேட்டார்.

அவள் குனிந்து முள்ளைப் பார்த்தாள். "கடல் வரைக்கும் வராது."

"வழியில போட்டுக்கலாம்," என்றார்.